நிறுத்தலும் உரைத்தலும்

பொன்னை நிறுப்பது வேறு. பொன்னை உரைப்பது வேறு. தராசில் இட்டால் எடை தெரியும். உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால்தான் மாற்றுத் தெரியும். இவ்வுண்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டாத மக்கள் கோலார் தங்கவயலில் வாழும் நாம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்குக் கால்கொண்டது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இம்மண் தந்த பொன் 800 டன்னுக்கும் மேற்பட்டது. ஆயினும் ஒரு டன் பாறையில் இருந்தது சில கிராம் பொன்னே. ஆதலின், எத்தனை டன் பாறை மேலேறிற்று என்பதை மட்டும் கொண்டு எவரும் ஒரு சுரங்கத்தின் வளத்தை மதிப்பிட்டதில்லை. பாறையைப் பொடித்து, உருக்கி, மாற்றுக் கண்ட பின்னரே அதன் தரத்தைக் கூறினர்.

பாறைக்குக் காட்டிய இந்த நுண்ணறிவை நம் உடலுக்கு நாம் காட்டுவதில்லை. ரயில் நிலையத்து எடை எந்திரத்தில் ஏறி நின்று, அது தரும் சீட்டைப் பார்த்து மனநிறைவு கொள்கின்றோம். "முப்பது ஆண்டுகளாக அதே அறுபது கிலோதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்று பெருமிதத்தோடு கூறும் பெரியவர்கள் நம் லைன் வீடுகளில் பலர் உளர். அந்த அறுபது கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்த வலிமையில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்று கேட்பார் இலர். உடலை அளந்த வரலாற்றையும், தங்கவயலில் அவ்வளவைகள் எடுக்கப்பட்ட நோக்கத்தையும், இன்று நம் முதியோர் அவற்றைத் தம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய காரணத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை அளவைகள்

உடலை அளப்பது தமிழருக்குப் புதிதன்று. சாணும் முழமும் உடலினின்றே பிறந்த அளவைகள். 'எண் சாண் உடம்பு' என்னும் வழக்கு, ஒவ்வொருவர் உடலுக்கும் அவரவர் கையே அளவுகோல் என்னும் கருத்தை உள்ளடக்கியது. சித்த மருத்துவத்தில் 'மணிக்கடை நூல்' என்றொரு முறை உண்டு. மணிக்கட்டின் சுற்றளவை நூலால் அளந்து, அந்நூலின் நீளத்தை நோயாளியின் விரற்கடையாலேயே கணக்கிட்டு நோயின் குறியறிய முயன்றனர். இஃது இற்றை நாள் அறிவியல் கூறும் கொழுப்பு, தசை என்னும் பகுப்பன்று எனினும், உடலின் சுற்றளவு உள்நிலையைக் காட்டும் என்னும் எண்ணம் நம்மிடையே பழைமையானது என்பதற்குச் சான்றாகும். திருவள்ளுவரும் 95-ஆவது அதிகாரமான 'மருந்து' என்பதில் அளவறிந்து உண்ணும் நெறியையே பெரிதும் வலியுறுத்தியுள்ளார்.

மேலை நாட்டு வரலாறோ, வியப்புக்குரிய முறையில், பொன்னிலிருந்தே தொடங்குகின்றது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு, அரசனின் மணிமுடியில் பொற்கொல்லன் வெள்ளியைக் கலந்தானா என்று கண்டறியத் தண்ணீரைத் துணைக்கொண்டார் என்பது வழிவழி வரும் கதை. ஒரே எடையுள்ள பொன்னும் வெள்ளியும் ஒரே அளவு தண்ணீரை விலக்குவதில்லை. பொன் தண்ணீரைப்போல் 19 மடங்குக்குச் சற்று மிகுந்த அடர்த்தியுடையது; வெள்ளியோ 10 மடங்கு அளவே. எனவே கலப்படமான முடி, அதே எடையுள்ள பசும்பொன்னைவிட மிகுதியான நீரை விலக்கும்.

இத்தாலியின் பதுவை நகரில் விளங்கிய மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கும் நாற்காலியில் தாமே அமர்ந்து, உண்ணும் முன்னும் பின்னும் தம் எடையைப் பல்லாண்டுகள் குறித்துவந்தார். 1614-ஆம் ஆண்டில் தம் கண்டறிவுகளை நூலாக வெளியிட்டார். உடலை எண்ணால் ஆராயும் மருத்துவ முறைக்கு அவரே முன்னோடி என்பர். எனினும் அவர் செய்ததும் நிறுத்தலே; உரைத்தல் அன்று.

எடையினின்று தரத்திற்கு

1832-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் கெட்லே, வளர்ந்த மனிதரின் எடை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகின்றது என்று கண்டார். எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதனை அதனாலேயே பெருக்கி வகுத்தால் வரும் எண்ணுக்கு, 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீசும் அவர்தம் குழுவினரும் 'உடல் நிறை எண்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். மருத்துவமனைதோறும் இன்று கணக்கிடப்படுவது இதுவே. கெட்லே தேடியது மக்கள்திரளின் சராசரியை. தனி ஒருவரின் நோயை அறிய அவர் இதனை வகுக்கவில்லை.

உடலைப் பகுத்துக் காணும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பிராகா நகர அறிஞர் மத்தியேக்கா, 1921-ஆம் ஆண்டில், எலும்பு, தசை, தோலும் கொழுப்பும், எஞ்சிய உறுப்புகள் எனப் பகுத்து ஒவ்வொன்றின் எடையையும் வெளி அளவைகளால் மதிப்பிடும் முறையை வகுத்தார். தொழிலாளர் உடல்திறனை அறிவதே அவருடைய நோக்கமாய் இருந்தது.

பின்னர் 1942-ஆம் ஆண்டில் ஆர்க்கிமிடீசின் நீர்த்தராசு மனித உடலுக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடைய துணைவரும் மனிதரை நீருக்குள் அமிழ்த்தி எடையிட்டு, உடலின் அடர்த்தியைக் கண்டனர். தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர் 25 பேரை அவர்கள் ஆராய்ந்தபோது, உயரத்திற்கு உரிய எடைப் பட்டியலின்படி அவர்களுள் 17 பேர் மிகை எடையால் படைப்பணிக்குத் தகாதவர் ஆயினர். நீர்த்தராசோ, அவ்வீரர் உடலில் மிகுந்திருந்தது கொழுப்பன்று, தசையே என்று காட்டிற்று. தராசு தள்ளிய மணிமுடியை உரைகல் பசும்பொன் என்று உரைத்தது போன்றதாம் இது.

இதன் கணக்கு எளியது. கொழுப்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், கொழுப்பு நீங்கிய உடற்பகுதி ஏறத்தாழ 1.1 கிராம். கொழுப்பு மிதக்கும், தசை அமிழும். 495 என்னும் எண்ணை உடலின் அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் கொழுப்பின் சதவிகிதம் கிடைக்கும் என்பது வில்லியம் சிரி என்னும் அறிஞர் வகுத்த சூத்திரம். அடர்த்தி 1.07 ஆயின் கொழுப்பு 12.6 சதவிகிதம், 1.05 ஆயின் 21.4 சதவிகிதம். அடர்த்தியில் தோன்றும் சிறு வேறுபாடு கொழுப்பில் இத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காட்டும்.

ஆயின் இம்முறை முதியோருக்கு ஏற்றதன்று. மூச்சை முற்றும் வெளிவிட்டு நீருக்குள் அமிழ்ந்திருத்தல் நுரையீரல் நலிந்தோருக்கு இயலாது. முதுமையில் எலும்பின் சுண்ணச் சத்துக் குறைவதால் 1.1 என்னும் அடிப்படை எண்ணே பிறழ்ந்துவிடும். ஆதலின் பிற்காலத்தில் வேறு முறைகள் எழுந்தன. இரு வேறு ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி எலும்பையும் கொழுப்பையும் தசையையும் பிரித்தறியும் கருவி 1980-களின் இறுதியில் வழக்கிற்கு வந்தது. உடலினூடே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி அளக்கும் எந்திரங்களை இன்று உடற்பயிற்சிக் கூடங்களிலும் காணலாம். தசையில் உப்புநீர் மிகுதி. அது மின்னோட்டத்தை எளிதிற் கடத்தும். கொழுப்பு அதனைத் தடுக்கும். அவ்வேறுபாட்டைக் கொண்டு எந்திரம் கணக்கிடுகின்றது. வயிறு நிறைய நீர் பருகியிருந்தாலோ, கால் வீங்கியிருந்தாலோ அதன் கணக்குத் தவறும். இதயமுடுக்கிக் கருவி பொருத்தப்பட்டோர் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார் மற்றொரு வழியில் முயன்றுள்ளனர். உயிரணுக்களிலுள்ள பொட்டாசியம் தானாகவே மிகச் சிறு கதிர்வீச்சை உமிழ்கின்றது. அதனை எண்ணி, உடலில் உயிர்ப்புள்ள அணுத்திரள் எவ்வளவு என்று கணக்கிடும் கருவியை அவர்கள் அமைத்து, 2018-ஆம் ஆண்டில் அது குறித்த ஆய்வுரையை வெளியிட்டனர்.

தங்கவயலில் உடலை அளந்தவர் யார்?

உலகம் இவ்வாறு உடலை உரைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் ஊரிலும் உடல்கள் அளக்கப்பட்டன. அவை யாருடைய பயன் கருதி அளக்கப்பட்டன என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

தங்கவயலின் தென்கோடியில் மைசூர்ச் சுரங்கம். அடுத்துச் சாம்பியன் ரீப். அதன்பின் உரிகமும் நந்திதுர்க்கமும். வடகோடியில் நம் பாலகாட். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வறட்சியும் சாதிக் கொடுமையும் துரத்த வந்த நம் பாட்டன்மாருக்கு மூலதனமாய் இருந்தது அவர்தம் உடல் ஒன்றே. அவ்வுடலின் அடையாளத்தைக்கூடத் தம் பதிவேட்டில் அடக்க நிர்வாகத்தார் முனைந்தபோது, 1930-ஆம் ஆண்டில், விரல்ரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். தம் உடலின் குறி தம் விருப்பமின்றிப் பிறர் ஏட்டில் ஏறலாகாது என்னும் மான உணர்ச்சி அப்போராட்டத்தில் வெளிப்பட்டது.

அதன்பின் வந்தது வெப்பத்தின் அளவை. சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. வேலை செய்யும்போதே தொழிலாளர் மயங்கி விழுந்தனர். அந்நாளில் தங்கவயலில் பணிபுரிந்த டாக்டர் கேப்லன், அவ்வாறு விழுந்தோரைப் பற்றி ஆராய்ந்து 1940-களின் முற்பகுதியில் ஆய்வுரை எழுதினார். பின்னர் லின்ட்சே என்பவரோடு சேர்ந்து, காற்றின் வெப்பமும் ஈரமும் கூடக்கூட மனிதனின் வேலைத்திறன் எவ்வாறு குறைகின்றது என்பதைச் சோதனை செய்து 1946-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெப்பத்தில் மனித உழைப்பைப் பற்றி உலகெங்கும் எழுந்த பிற்கால நூல்களில் இவ்வாய்வுகள் எடுத்துக்காட்டப்படுகின்றன. நம்மவர் வியர்வை உலக மருத்துவ நூல்களில் எண்களாய் நிற்கின்றது என்று கூறுவது மிகையாகாது.

மூன்றாவது அளவை தூசியைப் பற்றியது. பாறையைத் துளைக்கும்போது எழும் மணற்சத்துத் தூசி நுரையீரலிற் படிந்து அதனைத் தழும்பாக்கும் நோயே சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்நோய் முதன்முதல் பதிவானது கோலார்ச் சுரங்கங்களிலேயே என்றும், அவ்வாண்டு 1947 என்றும் மருத்துவப் பாடநூல்கள் குறிக்கின்றன. 1940-களில் நடந்த பரிசோதனையில் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. இவ்வாராய்ச்சியிலும் பங்கு கொண்ட கேப்லன், பின்னர் வேல்ஸ் நாட்டிற்குச் சென்று, தூசிநோயும் மூட்டு வாதமும் சேர்ந்து வரும் ஒரு நோய்நிலையை 1953-இல் விளக்கினார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள், வேலையிற் சேரும்போதும், பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் தொழிலாளருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வகுத்தன. இவையெல்லாம் நன்மையே செய்தன, மறுப்பதற்கில்லை. ஆயின் இவ்வளவைகள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. உழைக்கும் உடல் இன்னும் எவ்வளவு உழைக்கும் என்பதே அங்கு எழுந்த வினா. கூண்டில் இறங்கும் நாள் முடிந்ததும் அளக்கும் கையும் விலகிக்கொண்டது. அறுபதிலும் எழுபதிலும் அவ்வுடல் எவ்வாறு எழும், எவ்வாறு நடக்கும் என்று கேட்பது எவருக்கும் கடமையாய் இருக்கவில்லை.

நம் உடலின் மாற்று

இந்திய உடலைப் பற்றி நம் நாட்டு அறிஞர் செய்த ஆராய்ச்சி ஒன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே அளந்து, 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலிற் கொழுப்பு 9.1 சதவிகிதம், இந்தியர் உடலில் 21.2 சதவிகிதம். தராசுக்கு இருவரும் ஒருவரே. உரைகல்லுக்கு இருவரும் வேறு. அதே ஆண்டில், ஆசிய மக்களுக்கு 23 என்னும் எண்ணிலிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிஞர் குழு கூறிற்று. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்பது இந்திய மருத்துவர் வகுத்த வரம்பு. மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறும் உடைய உடல், எடையிற் குறைந்திருப்பினும், நீரிழிவுக்கு இடந்தரும் உடலாகும்.

முதுமை சேரும்போது இவ்வேறுபாடு பெருகுகின்றது. ஐம்பதைக் கடந்தபின் தசைத்திரள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவிகிதம் குறைகின்றது. வலிமையோ அதனினும் விரைந்து குறைகின்றது. குறைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்புமாயின் எடை மாறாது நிற்கும். முப்பது ஆண்டுகளாக அதே அறுபது கிலோ என்னும் பெருமிதத்தின் உட்பொருள் இப்போது விளங்கும். பாறையின் எடை குறையவில்லை, பொன்தான் குறைந்துள்ளது. இத்தசைக் குறைவுக்கு, 1989-ஆம் ஆண்டில், அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். அதுவரை, முதுமையென்றால் தளர்ச்சி இயல்பே என்று எண்ணி, அதனை ஒரு நோயாகக் கருதி ஆராய்ந்தவர் சிலரே.

அடுத்த ஆண்டே நம்பிக்கை தரும் செய்தி வந்தது. பாஸ்டன் நகரின் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு, டாக்டர் மரியா ஃபியாடரோன் எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி தந்தார். முடிவில் அவர்கள் கால்வலிமை சராசரியாக 174 சதவிகிதம் பெருகிற்று. தொடைத் தசையும் ஏறத்தாழ 9 சதவிகிதம் வளர்ந்தது. பயிற்சியை விட்டதும் பெற்ற வலிமையில் ஒரு பகுதி சில வாரங்களிலேயே குறைந்தது என்பதும் அவர் கண்டதே. தொண்ணூறிலும் தசை வளரும். ஆனால் நாள்தோறும் கேட்டால்தான் தரும்.

நம் நாட்டிலும் இத்துறை விழித்தெழுந்துள்ளது. 2017-18-ஆம் ஆண்டுகளில் நடந்த இந்திய முதுமை ஆய்வில், 45 வயதைக் கடந்த ஏறத்தாழ 72,000 பேரின் உயரம், எடை, இடுப்பளவு, கைப்பிடி வலிமை, நடைவேகம் ஆகியவை அளக்கப்பட்டன. நம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்திலேயே, 45 வயதுக்கு மேற்பட்ட 10,000 கிராம மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கும் முதுமை ஆய்வை, இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி மையத்தார் 2018-இல் தொடங்கினர். ஒருகாலத்தில் சுரங்கத்திற்காக உடல் அளக்கப்பட்ட இம்மாவட்டத்தில், இன்று முதியவரின் நலத்திற்காகவே முதியவர் ஆராயப்படுகின்றார் என்பது மகிழ்ச்சிக்குரியது.

நாமே நம்மை உரைத்துப் பார்ப்போம்

ஆராய்ச்சிக் கருவிகள் பாலகாட்டிற்கு வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஒரு நாடா, ஒரு நாற்காலி, நொடிமுள் உள்ள ஒரு கடிகாரம் ஆகிய மூன்றும் போதும். ஆசிய நாட்டு மருத்துவர் குழு 2019-ஆம் ஆண்டில் வகுத்த அளவுகளை இங்குத் தருகின்றோம்.

முதலாவது கெண்டைக்காலின் சுற்றளவு. மிகப் பருத்த இடத்தில் அளந்தால் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைதல் எச்சரிக்கைக் குறி. நாடாவும் இல்லையெனில், ஜப்பானியர் கண்ட எளிய வழி ஒன்று உண்டு. இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் தொட்டும் இடைவெளி எஞ்சினால் தசை குறைந்திருத்தல் கூடும். அவரவர் கையே அவரவர் உடலுக்கு அளவுகோல் என்னும் நம் பழைய எண் சாண் கணக்கே இது! கால் வீக்கம் உள்ளவருக்கு மட்டும் இவ்வளவு பொய்க்கும்.

இரண்டாவது நாற்காலிச் சோதனை. கைகளை மார்பின்மேற் கட்டிக்கொண்டு, நாற்காலியினின்று ஐந்து முறை எழுந்து அமர்தல் வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆகுமாயின் கால்வலிமை குறைந்துள்ளது என்க.

மூன்றாவது நடைவேகம். ஆறு மீட்டர் தொலைவை இயல்பான நடையிற் கடக்க 6 நொடிக்கு மேல் ஆகுமாயின் அது குறைந்த வேகம். நான்காவது கைப்பிடி வலிமை. இதற்குரிய சிறு கருவி மருத்துவமனைகளில் உண்டு. ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைதல் கூடாது.

இவ்வளவுகளிற் குறைவு கண்டோர் அஞ்ச வேண்டா. மருத்துவரிடம் காட்டிப் பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும். அதே நாற்காலியில் எழுந்து அமர்தலே முதற் பயிற்சி. சுவரைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல் இரண்டாவது. நீர் நிரம்பிய சொம்பைத் தோள் உயரம் தூக்கி இறக்குதல் மூன்றாவது. ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டிவைத்து நடத்தல், விழாமல் இருக்கும் பயிற்சி. 65 வயதைக் கடந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடை போன்ற மிதமான உழைப்பும், மூன்று நாளேனும் சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. உணவில், கேழ்வரகுக் களியோடு கீரை மட்டும் போதாது. பருப்போ, கொள்ளோ, முட்டையோ, மீனோ நாள்தோறும் சேர்தல் வேண்டும். தசை புரதத்தாலன்றி வளராது.

தூசியில் உழைத்த நெஞ்சினர்க்குத் தனியே இரு சொல். மூச்சிரைப்பு உள்ளவர், தாம் எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவர் முன்னிலையில் ஆறு நிமிட நடைச் சோதனையால் அறிந்த பின்னரே பயிற்சியைத் தொடங்குக. முயற்சி செய்யாமலே எடை குறையத் தொடங்கினால், மெலிந்துவிட்டோம் என்று மகிழ்தல் பெரும்பிழை. மணற்சத்துத் தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றும். எடைக்குறைவு அதன் முன்னறிவிப்பாய் இருத்தல் கூடும். தராசு நமக்கு உண்மையாகப் பயன்படும் இடம் இதுவே. ஆறு மாதத்திற்குள் அறுபது கிலோ ஐம்பத்தேழாயின் காலந்தாழ்த்தாது சளிப் பரிசோதனை செய்துகொள்க.

இவற்றை இத்துணை விரித்துக் கூறக் காரணம் உண்டு. விடியற்காலை ரயிலில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர், இரவே திரும்புகின்றனர். பகலெல்லாம் லைன் வீடுகளில் இருப்போர் பெரும்பாலும் முதியோரே. 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பது வயதினராய் இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். குளிக்கும் இடத்தில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட அருகில் ஆள் இல்லை. தரையினின்று தாமே எழ முடிகின்றதா என்பது அவருக்கு அழகைப் பற்றிய வினாவன்று. மாலையில் மகன் வரும்வரை உயிரோடும் மானத்தோடும் இருப்பதைப் பற்றிய வினா.

சங்கத்தின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் சிறுவர்க்கு ஓட்டப்பந்தயம் உண்டு. இளைஞர்க்குக் கயிறிழுத்தல் உண்டு. முதியோர்க்கு முன்வரிசை நாற்காலியும் ஒரு பொன்னாடையும் மட்டுமே உண்டு. அந்நாற்காலியையே சோதனைக் கருவியாக்குவோம். விழாவன்று காலையில் ஒரு மருத்துவரை அழைத்து, வரும் முதியோர் ஒவ்வொருவரும் ஐந்து முறை எழுந்து அமரும் நேரத்தையும், கெண்டைக்காலின் அளவையும், இடுப்பின் அளவையும், எடையையும் ஒரு சிறு அட்டையில் எழுதி அவரிடமே தருவோம். அடுத்த ஆண்டு அதே நாளில், அதே அட்டையில், அடுத்த வரியை எழுதுவோம். அன்று விரல்ரேகையைப் பிறர் ஏட்டில் இட மறுத்த தொழிலாளரின் பிள்ளைகள் நாம். இன்று நம் உடலின் கணக்கை நம் கையாலேயே எழுதி, நம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வோமாக.